குளிப்பாட்டாதீர்கள், கூட்டிச் செல்லுங்கள்!

“டீச்சர், நாந்தான் அவளைக் குளிப்பாட்டினேன். மஞ்சள் தேய்ச்சு, தலைக்கு ஊத்தி, போட்டிருந்த துணியெல்லாம் கொல்லையில போட்டுக் கொளுத்திட்டேன். அதோட போகட்டும்னு நெனச்சேன். போகலியே டீச்சர்!”

15 ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, என் வீட்டுப் படியில் உட்கார்ந்து ஒரு தாய் சொன்ன சொற்கள் இவை. அவர் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். மகள் என்னிடம் ஆறாண்டு படித்துவிட்டு, பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு வயது 14. அவளுக்குத் தீங்கு செய்தவன் அந்த வீட்டில் சோறு உண்டவன்தான்.

விஷயம் வெளியே கசிந்ததும் நான்கு பெரியவர்கள் கூடினார்கள். போலீசுக்குப் போனால் பெண்ணின் பெயர் கெட்டுவிடும் என்றார்கள். அவனைத் தோட்டத்தை விட்டு அனுப்பிவிட்டால் போதும் என்று பேசி முடித்தார்கள். அவன் வேறு ஊருக்குப் போய் வேலை தேடிக்கொண்டான். பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள்.

“அவ அழவே இல்ல டீச்சர். மறுநாள் காலையில எப்பவும்போல பூனைக்குச் சோறு வெச்சா. அதைப் பார்த்துட்டு வீட்டு மனுசங்களே, ‘நடந்தது நெசந்தானா’ன்னு கேட்டாங்க” என்று சொல்லி அழுதார் அந்தத் தாய்.

நான் என்ன செய்தேன்? ஆறுதல் சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பினேன். சம்பவம் நடந்து மூன்று வாரம் ஆகிவிட்டதே, இனிமேல் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு பெரிய தவறு என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் கண்ணால் கண்டதையும் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘கற்பழிப்பு’ என்ற சொல்லை நான் எழுதப் போவதில்லை. அடிபட்டவளிடமிருந்து ஏதோ அழிந்துவிட்டது என்று சொல்கிறது அந்தச் சொல். அழியவேண்டியது அடித்தவனுடைய நல்ல பெயர். ஆகவே பாலியல் வன்கொடுமை என்றே எழுதுகிறேன்.

ஒரு தாதி கண்ட உண்மை

இப்படிப்பட்ட துன்பத்துக்கு ஆளான பெண்ணைக் கவனிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற தாதியர் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் தோன்றிய கதை நமக்கும் பாடமாகும்.

1972-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் போஸ்டன் நகரம். ஆன் பர்ஜஸ் என்ற மனநலத் தாதியும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூகவியல் அறிஞரும் போஸ்டன் நகர மருத்துவமனையோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் யார் வந்தாலும், இரவோ பகலோ, தங்களைக் கூப்பிட வேண்டும் என்பதே அந்த ஏற்பாடு. ஓராண்டுக் காலம் அவசரப் பிரிவுக்கு ஓடி ஓடி வந்து, 146 பேரிடம் பேசினார்கள். அவர்கள் வீடு திரும்பிய பிறகும் தொடர்ந்து விசாரித்தார்கள். 1974-இல் தாங்கள் கண்டதை ஒரு மருத்துவ ஏட்டில் எழுதி வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்ட உண்மைகளில் ஒன்றை நம் தாய்மார்கள் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் எல்லோரும் கதறி அழுவதில்லை. சிலர் அழுவார்கள், நடுங்குவார்கள். வேறு சிலரோ ஒன்றும் நடவாததுபோல அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். துன்பம் இருவருக்கும் ஒன்றுதான். ஒருத்தி வெளியே கொட்டுகிறாள், மற்றவள் உள்ளேயே வைத்துப் பூட்டிக்கொள்கிறாள். தூக்கம் கெடுவது, கெட்ட கனவு, திடுக்கிடுதல், தனியாக இருக்கப் பயம் ஆகியவை இருவருக்குமே பின்னால் வருகின்றன.

இதைப் படித்த அன்று பூனைக்குச் சோறு வைத்த என் மாணவிதான் நினைவுக்கு வந்தாள்.

அந்தக் காலத்தில் அமெரிக்க மருத்துவமனைகளிலும் நிலைமை மோசமாகவே இருந்தது. கை உடைந்தவரையும் நெஞ்சுவலிக்காரரையும் முதலில் கவனிப்பார்கள். வெளியே காயம் தெரியாத இந்தப் பெண் மணிக்கணக்கில் காத்திருப்பாள். தடயம் கெட்டுவிடும் என்று அவளை உண்ணவும் குடிக்கவும், சிறுநீர் கழிக்கவும்கூட விடமாட்டார்கள். கடைசியில் வரும் டாக்டருக்கு இந்தச் சோதனையில் பயிற்சி இருக்காது. நாளைக்கு நீதிமன்றத்துக்கு இழுப்பார்களே என்று தயங்கியவர்களும் உண்டு.

இதைப் பார்த்துப் பொறுக்காத தாதியர்தாம் வழி கண்டார்கள். 1976-இல் மெம்பிஸ் நகரிலும், 1977-இல் மினியாபொலிஸ் நகரிலும், 1979-இல் அமரில்லோ நகரிலும் இதற்கென்றே தாதியரைப் பயிற்றும் திட்டங்கள் தொடங்கின. அங்கே அந்தத் தாதியே பெண்ணை வரவேற்று, அவள் சொல்வதைக் கேட்டு, உடலைச் சோதித்து, தடயம் எடுத்து, மருந்து கிடைக்கச் செய்து, தேவைப்பட்டால் நீதிமன்றத்திலும் சாட்சி சொல்வார். 1992-இல் இத்தகைய தாதியர் ஒன்றுகூடித் தங்களுக்கென ஓர் அனைத்துலகச் சங்கமும் அமைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டில்

மலேசியாவில் 1980-களில் பெண்கள் அமைப்புகள் இந்தப் பிரச்சினையைப் பொது மேடைக்குக் கொண்டுவந்தன. 1989-இல் சட்டமும் திருத்தப்பட்டது. ஆனாலும் துன்பப்பட்ட பெண் போலீஸ் நிலையத்துக்கு ஒரு முறை, மருத்துவமனைக்கு ஒரு முறை, சமூக நல அலுவலகத்துக்கு ஒரு முறை என்று அலைய வேண்டியிருந்தது. போகும் இடமெல்லாம் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு தடவை சொல்வதே பெரும்பாடு!

இந்த அலைச்சலைப் போக்க 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. டாக்டர், தாதி, போலீஸ், சமூக நல அதிகாரி, ஆலோசகர் என எல்லோரும் அந்தப் பெண் இருக்கும் இடத்துக்கே வருவார்கள்; அவள் யாரையும் தேடிப் போகவேண்டாம். இதற்கு ஓ.எஸ்.சி.சி. என்று பெயர். ஒரே இடத்தில் எல்லா உதவியும் என்பது பொருள். 1996-இல் சுகாதார அமைச்சு மற்ற அரசாங்க மருத்துவமனைகளிலும் இதை அமைக்கும்படி பணித்தது. பின்னர் ஆசிய நாடுகள் சிலவும் இதே போன்ற நிலையங்களை அமைத்தன.

அமெரிக்காவுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே உடலைச் சோதித்துத் தடயம் எடுப்பது டாக்டரின் பொறுப்பு. தாதி அருகில் இருந்து உதவுவார். ஆனால் பெண்ணை முதலில் சந்திப்பவரும், கடைசிவரை பக்கத்தில் இருப்பவரும் பெரும்பாலும் தாதிதான். நம் மக்கள் பிரியமாக ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடும் அதே தாதி!

நான் கண்ட மிஸ்ஸி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தொலைபேசி வந்தது. வேறொரு குடும்பம், வேறொரு பெண். அவளுக்கு வயது 17. இந்த முறை எனக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருந்தது.

“அவளைக் குளிக்க விடாதீங்க. வாய் கொப்பளிக்க வேணாம், தலை சீவ வேணாம். மாத்திப் போட்டுக்க ஒரு செட் துணி எடுத்துக்குங்க. நேத்துப் போட்டிருந்த துணியைக் கழட்டியிருந்தா, துவைக்காம காகிதப் பையில போட்டு எடுத்துட்டு வாங்க. பிளாஸ்டிக் பை வேணாம், ஈரம் கோத்துக்கும்” என்றேன்.

மருத்துவமனை அவசரப் பிரிவில், அதாவது ‘கெச்செமாசான்’ என்று எழுதியிருக்கும் இடத்தில், நிறைய கூட்டம். முகப்பில் இருந்தவரிடம் நான் மெதுவாக “ஓ.எஸ்.சி.சி.” என்று மட்டும் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் ஒரு தாதி வந்தார். நம் தமிழ்ப் பெண்தான். வரிசையில் நிற்க வைத்து எதையும் கேட்கவில்லை. பெண்ணின் பெயரைக்கூட அங்கே கேட்கவில்லை. தனி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். ஒரு போர்வையைக் கொண்டுவந்து, “போர்த்தி விடட்டுமா?” என்று கேட்டு, பெண் தலையசைத்த பிறகே போர்த்தினார்.

பிறகு, “இங்க நடக்கிற ஒவ்வொண்ணையும் உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வோம். உனக்கு முடியலன்னா ‘நிறுத்துங்க’ன்னு சொல்லு, நிறுத்திடுவோம்” என்றார்.

தாய்க்குப் பொறுக்கவில்லை. “ஏண்டி, வாயைத் தொறந்து ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?” என்று அழுதார்.

மிஸ்ஸி அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டார். “அம்மா, அந்தக் கேள்விய இங்க நாங்க யாரும் கேக்கமாட்டோம். நீங்களும் கேக்காதீங்க. பயத்துல ஒடம்பு கட்டைபோல ஆயிடும். கத்தணும்னு நெனச்சாலும் தொண்டை தொறக்காது” என்றார்.

அவர் சொன்னது மருத்துவ உண்மை. பெரும் அபாயத்தில் உடல் மரத்துப்போய் அசைய முடியாமல் நிற்பதுண்டு. அதனால்தான் பலருக்கு உடலில் காயமே இருப்பதில்லை. காயம் இல்லை என்பதால் நடந்தது பொய் என்று ஆகிவிடாது.

அந்த அறையில் நடப்பது என்ன?

முதலில் உயிருக்கு ஆபத்தான காயம் உண்டா என்று பார்ப்பார்கள். இருந்தால் சிகிச்சைதான் முதல் வேலை, மற்றதெல்லாம் பிறகு.

அடுத்து டாக்டர் நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டு, உடலைச் சோதிப்பார். பஞ்சு சுற்றிய குச்சியால் தேவையான இடங்களில் தொட்டு எடுப்பார்கள். நகத்தடியில் இருப்பதையும் முடியையும் துணியையும் தனித்தனியாகப் பொட்டலமிட்டு, முத்திரை வைத்து, பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்திடுவார்கள். அதைப் போலீஸ் பெற்றுக்கொண்டு இரசாயனத் துறைக்கு அனுப்பும். யாரிடமிருந்து யார் கைக்குப் போனது என்பதில் ஓரிடத்தில் குழப்பம் வந்தாலும் வழக்கு பலவீனமாகிவிடும். பொட்டலத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டாலும் பயிற்சி பெற்ற தாதியின் கண்ணுக்குத் தப்பாது.

இங்கே ஒரு பயத்தைப் போக்க வேண்டும். இது கன்னித்தன்மையைப் பார்க்கும் சோதனையே அல்ல. ஒரு பெண் கன்னியா இல்லையா என்று உடலைப் பார்த்துச் சொல்லும் சோதனை எதுவும் மருத்துவத்தில் கிடையாது.

பிறகு மருந்துகள். இங்கேதான் நேரம் முக்கியம். கருத்தரிக்காமல் தடுக்கும் மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு பலன்; பொதுவாக 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளுக்குள் கொடுக்கவேண்டும். எச்.ஐ.வி. கிருமி தொற்றாமல் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மஞ்சள் காமாலை பி வகைக்குத் தடுப்பூசியும், மற்றப் பால்வினை நோய்களுக்கு மருந்தும் தேவைக்கேற்பக் கொடுப்பார்கள். சில வாரங்கள் கழித்து மறுபடியும் இரத்தச் சோதனைக்கு வரச்சொல்வார்கள். அதை விட்டுவிடக் கூடாது.

கடைசியாக, அவள் இன்றிரவு எங்கே படுப்பாள் என்று கேட்பார்கள். தீங்கு செய்தவன் அதே வீட்டில் இருந்தால் அவளைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். பாதுகாப்பான இடத்துக்கு ஏற்பாடு செய்வார்கள். மனநல ஆலோசனைக்கும் நாள் குறித்துத் தருவார்கள்.

உண்மையை மறைக்காமல் சொல்வதானால், எல்லா மருத்துவமனையிலும் எல்லா நாளும் இந்தக் கவனிப்பு ஒரே தரத்தில் கிடைப்பதில்லை. பெரிய மருத்துவமனைகளில் தனி அறை உண்டு. சிறிய இடங்களில் அவசரப் பிரிவுத் தாதியே நூறு வேலைகளுக்கு நடுவே இதையும் பார்க்கிறார். எங்காவது ஒருவர் கடுமையாகப் பேசினால் அதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். பொறுப்பான தாதியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மலாய் சரளமாக வராதவர்கள் தமிழ் தெரிந்த ஊழியர் வேண்டும் என்று கேட்கலாம். பெண்ணின் மாமனையோ சித்தப்பனையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவர்கள் எதிரில் அவள் எப்படிப் பேசுவாள்?

சட்டம் என்ன சொல்கிறது?

2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பதாக டாக்டர் கருதினால் சமூக நலத் துறைப் பாதுகாவலருக்குத் தெரிவிக்கவேண்டும். 2017-இல் வந்த குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 18 வயதுக்குட்பட்டவருக்கு இத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம். ‘நமக்கேன் வம்பு’ என்று இருந்துவிட இனி யாருக்கும் உரிமை இல்லை. ஆண் பிள்ளைகளுக்கும் இந்தக் கொடுமை நடக்கிறது. அவர்களுக்கும் அதே அறை, அதே சிகிச்சை, அதே சட்டம்.

18 வயது நிரம்பியவர் போலீசில் புகார் செய்வதா என்று யோசிக்க நேரம் கேட்கலாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை.

‘அவனுக்கே கட்டி வைத்துவிடலாம்’ என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி: சபாவில் 13 வயதுச் சிறுமியிடம் வன்கொடுமை புரிந்த ஒருவர், பின்னர் அவளை மணந்துகொண்டதாகச் சொன்னார். 2014-இல் கோத்தா கினபாலு செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு 12 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தாலி கட்டினால் குற்றம் மறைந்துவிடாது. பெண்ணின் மனக்காயமும் மறையாது. அவனோடு அதே வீட்டில் காலந்தள்ளுவதுதான் அவளுக்கு மிச்சம்.

தாய்மார்கள் நினைவில் வைக்க

1. பிள்ளை சொன்னதும் முதலில் சொல்லவேண்டிய சொல், “நான் உன்னை நம்புறேன், தப்பு உன்மேல இல்ல” என்பதே.

2. குளிப்பாட்ட வேண்டாம். துணியைத் துவைக்கவோ எரிக்கவோ வேண்டாம். காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள்.

3. நேராக அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், ஓ.எஸ்.சி.சி. என்று சொல்லுங்கள். சாமியாரிடமும் தலைவரிடமும் பிறகு போகலாம்.

4. தெரியாமல் குளிப்பாட்டிவிட்டீர்களா? அப்படியும் போங்கள். மூன்று நாள் கடந்துவிட்டதா? மூன்று வாரமா? மூன்று மாதமா? அப்படியும் போங்கள். சில தடயம் போயிருக்கலாம். சிகிச்சையும் ஆலோசனையும் போகவில்லை.

5. வண்டி இல்லை, வழி தெரியவில்லை என்றால் 999-ஐக் கூப்பிடுங்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

நான்காவதை எழுதும்போது என் கை சற்று நின்றது. அன்று அந்தத் தாய் என் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தபோது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இரத்தச் சோதனைக்கு, ஆலோசனைக்கு, புகாருக்கு, எல்லாவற்றுக்கும் காலம் இருந்தது. எனக்குத் தெரியவில்லை. படித்த டீச்சருக்கே தெரியாதபோது, விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு எப்படித் தெரியும்?

அந்த இரண்டாவது பெண்ணின் வழக்கைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடைய சொந்த விஷயம். அவள் படிப்பை நிறுத்தவில்லை என்று மட்டும் சொல்கிறேன். ஒருநாள் வழியில் என்னைப் பார்த்தவள், “டீச்சர், அந்த மிஸ்ஸி என் பேரை ஞாபகம் வெச்சிருந்தாங்க. மறுபடியும் இரத்தம் எடுக்கப் போனப்போ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க” என்றாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள்.

தாய்மார்களே! இதைப் படித்துவிட்டு மூடி வைத்துவிடாதீர்கள். அடுத்த வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டுங்கள். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கூடும்போது வயது வந்த பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நன்றாகப் படிக்கிற பெண்ணொருத்தி ‘என்ன படிக்கலாம்?’ என்று கேட்டால் தாதிமைப் படிப்பையும் சொல்லுங்கள். என்றைக்காவது ஒரு நாள் பயந்து நடுங்கி வரும் நம் பிள்ளைக்கு, அவள் மொழியிலேயே “போர்த்தி விடட்டுமா?” என்று கேட்க அந்த அறையில் ஓர் ஆள் வேண்டுமே!